வால்வில் தொங்கிய சிவப்பு மக்

போன மாதம் அனகா என்ற இளம் இன்ஜினியர் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டைத் தேடிப் பிடித்து வந்தாள். நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த செம்மீன், அதாவது இறால், ஏற்றுமதிக் கம்பெனியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. தொட்டியிலேயே நுண்ணுயிரை வளர்த்துக் காப்பாற்றும் பழைய முறையை நிறுத்தப் போகிறார்களாம். இனிமேல் நுண்ணுயிர் பாக்கெட்டில் பவுடராக வரும், வாரம் ஒரு தடவை கரைத்து ஊற்றினால் போதும், மற்றதை சென்சார் பார்த்துக்கொள்ளும். அதையொட்டி ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். "சார் பழைய அனுபவம் நாலு எழுதித் தரணும். படிக்கிறவங்களுக்கு உற்சாகம் வர்ற மாதிரி" என்று மலையாளத்தில் கேட்டாள்.

மலையாளத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் இருப்பதெல்லாம் உண்மைதான். எழுதாமல் விட்டதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்தக் கம்பெனியில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என் பெண் வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டவே அரை நாள் ஆகும். பெயர்களையும் மாற்றிவிட்டேன். இது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

நாங்கள் பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். நான் பி.எஸ்ஸி. ரசாயனத்தை இரண்டு தடவை எழுதித் தேறினேன். கிடைத்த வேலை செம்மீன் கம்பெனியில். "அய்யராத்துப் பையன் செம்மீன் கம்பெனிக்குப் போறானாமே" என்று உறவில் ஒரே சிரிப்பு. நான் செம்மீனைத் தொடுவதில்லை, அதைக் கழுவின தண்ணீரோடுதான் எனக்கு வேலை என்று கல்யாணமான புதிதில் கோமதியிடம் விளக்கினேன். "அது அதைவிட மோசமாக்கும். பின்னாடி போய்க் குளிச்சுட்டு உள்ளே வாங்கோ" என்றாள். வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன்.

வேலை கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வால்வு திருகினேன், பம்ப்பில் சிக்கிய செம்மீன் ஓட்டை நோண்டினேன், திட்டு வாங்கினேன். அப்புறம் லீலாமணி மேடம் கெமிஸ்டாக வந்தார். அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். பென்சிலைக் கொண்டையில் செருகியிருப்பார். பாக்டீரியா என்ற வார்த்தை அவர் வாயில் வராது, 'ஆளுகள்' என்பார். காலையில் வந்ததும் முதல் கேள்வி, "எந்தா சாமி, நம்ம ஆளுகளுக்கு சுகம்தன்னே?" கொச்சியில் என்னைப் போன்றவர்கள் எல்லோருக்கும் சாமிதான். கையெழுத்துப் போட எனக்கு வேறு பெயர் இருப்பது பல பேருக்குத் தெரியாது.

பதில் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய காரியங்களுக்கு அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் காற்று குமிழியிடும் பெரிய தொட்டியின் விளிம்பில் நின்று மோந்து பார்க்க வேண்டும். நல்ல தொட்டி நாறாது, மழை பெய்த மண் வாசனைதான் வரும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடி உருளையில் எடுத்து, அரை மணி நேரம் அதன் முன்னாலேயே உட்கார வேண்டும். நடுவில் சாயா குடிக்கப் போகக் கூடாது. கலங்கிய தண்ணீர் முதலில் திரித்திரியாகும், பிறகு அந்தத் திரிகள் ஒன்றாகி மெல்லக் கீழே இறங்கும், மேலே தெளிந்து நிற்கும். அது எவ்வளவு இறங்கியது என்பதைவிட எப்படி இறங்கியது என்று சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, கண்டதை நோட்டில் பென்சிலால் வரைய வேண்டும். "வரைஞ்சாத்தான் நீங்க பார்ப்பீங்க" என்பார் மேடம். நான் வரைந்தால் எல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். அவர் பக்கத்திலேயே திருத்தி வரைவார்.

அந்த ஒரு சொட்டில் எவ்வளவு பெரிய குடித்தனம் நடக்கிறது என்று எனக்குக் காட்டியவர் அவர். பாக்டீரியா ஒன்றோடொன்று பிசின் போல ஒட்டிக் கட்டி கட்டியாகச் சேரும். அந்தக் கட்டியில் வேறு சில உயிர்கள் காலூன்றி நிற்கும். மணி போன்ற தலை, சுருள்கம்பி போன்ற காம்பு. கட்டிதான் அவற்றுக்கு வீடு. அதற்குக் கைம்மாறாக, கட்டியில் சேராமல் அலைகிற பாக்டீரியாவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். செம்மீன் சதையை ஒரு கூட்டம் உடைக்கும், உடைத்ததில் வரும் அமோனியாவை இன்னொரு கூட்டம் மாற்றும். ஒருவர் கழித்தது அடுத்தவருக்குச் சாப்பாடு. இதில் ஒரு கூட்டம் செத்தால் மற்றவர்களும் அதிக நாள் தாங்க மாட்டார்கள். அந்தக் காம்புகள் சட்டென்று சுருங்கி, யோசித்து, மறுபடி நீளுவதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

ஓணத்துக்கு நான்கு நாள் கம்பெனி மூடும். செம்மீன் இல்லை, கழிவு இல்லை, ஆளுகள் பட்டினி. அதனால் முறை போட்டு யாராவது ஒருவர் போய்க் கஞ்சி காய்ச்சி, வெல்லம் கரைத்து, தொட்டியில் ஊற்றிவிட்டு வருவோம். திருவோணத்தன்று அநேகமாக என் முறைதான் வரும். வீடு திரும்பினால் கோமதி இலையைப் போட்டுக்கொண்டே, "அவாளுக்கெல்லாம் சாப்பாடு ஆயிடுத்தா? இனி நாங்க சாப்பிடலாமா?" என்பாள். அனகாவின் மலருக்கு எழுதிக் கொடுத்தது இதைத்தான். அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

இனி அந்த மக்.

செம்மீன் உரிக்கும் கூடத்தை அவ்வப்போது குளோரின் போட்டுக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீரும் எங்கள் முற்றத்தில் இருக்கும் சேகரிப்புத் தொட்டிக்குத்தான் வரும். அதை அப்படியே பம்ப் பண்ணிப் பெரிய தொட்டிக்கு விட்டால் ஆளுகள் கூண்டோடு காலி. ஆகவே கழுவிய உடன் கூடத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து பம்ப் வால்வில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக்கைத் தொங்கவிட வேண்டும். மக் தொங்கிக்கொண்டிருக்கும்வரை பம்ப் ஓடக் கூடாது. நாங்கள் ஹைப்போ உப்பைப் போட்டு, காற்றடித்து, குளோரின் போய்விட்டதா என்று சோதித்துவிட்டு, சோதித்தவர் கையால்தான் மக்கை எடுக்க வேண்டும். எடுத்துக் கழுவிக் கூடத்துக்குத் திருப்பிக் கொடுப்போம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த ஏற்பாடு மேடம் செய்தது. கூடத்தில் ஐந்தாறு பாஷை பேசுகிறவர்கள் வேலை செய்தார்கள், சீட்டு எழுதினால் நனைந்து போகும், மக் என்றால் எல்லோருக்கும் புரியும். பல வருஷம் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தபோது வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்வையிட வந்தார்கள். மேடம் அன்று லைசென்ஸ் விஷயமாக எர்ணாகுளத்தில் ஓர் ஆபீசுக்குப் போயிருந்தார். மானேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "சாமி, முற்றம் பளிச்சுன்னு இருக்கணும். வாளி, கயிறு, துணி ஒண்ணும் வந்தவங்க கண்ணுல படக் கூடாது."

ஏழு மணியிலிருந்து ஒழித்தேன். பழைய பூட்ஸ், அறுந்த கயிறு, துடைப்பம், எல்லாவற்றையும் ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டேன். வால்வில் மக் தொங்கியது. முந்தின நாள் ஒரு தடவை கழுவினார்கள், நான்தான் சோதித்து பம்ப்பைப் போட்டேன். அந்த மக்கைத்தான் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று நினைத்து அதையும் எடுத்து வாளிக்குள் போட்டுவிட்டு, வழக்கம்போல பம்ப்பை ஓட விட்டேன். மக் ஈரமாக இருந்தது. அந்த ஈரம் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. பார்வையாளர்களுக்காக விடியற்காலையில் கூடத்தை இன்னொரு தடவை, வழக்கத்தைவிடக் காட்டமாகக் கழுவியிருக்கிறார்கள். சோதிக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரைக்குத் தொட்டி விளிம்புக்குப் போனபோது மண் வாசனை இல்லை. நீச்சல் குளத்து வாசனை. ஒரு சொட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். மணித் தலைகள் மூடிக் கிடந்தன, ஒரு காம்பும் அசையவில்லை. மூன்று தடவை சொட்டை மாற்றினேன். ஓடிப்போய் பம்ப்பை நிறுத்தினேன்.

பம்ப்பை நிறுத்தினால் அரை மணியில் சேகரிப்புத் தொட்டி வழிந்து முற்றமெல்லாம் செம்மீன் தண்ணீர் நிற்கும். கூடம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய தொட்டித் தண்ணீர் கடைசியில் வாய்க்கால் வழியாகக் காயலில், அந்த உப்பங்கழியில்தான் போய்ச் சேரும். மானேஜருக்குப் போன் செய்தேன். அவர் நான் சொல்லி முடிக்கிறவரை கூடப் பொறுக்கவில்லை. "சாமி, ரெண்டு மணிக்கூர் நேரம். அவங்க போனதும் நிறுத்திக்கோ. ரெண்டு மணிக்கூர்ல காயல் ஒண்ணும் செத்துப் போகாது."

பம்ப்பை மறுபடி போட்டேன். அவர் சொன்னார் என்று சொல்லலாம், ஸ்விட்சை அழுத்தியது என் விரல். ஆளுகள் செத்த தொட்டி வெறும் பள்ளம்தான். வந்த தண்ணீர் வந்தபடியே, பால் மாதிரி வெளுத்து, குளோரினோடு வாய்க்காலில் இறங்கிப் போயிற்று. செம்மீன் தண்ணீரில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்த குளோரின் சீக்கிரம் ஆவியாகாது, தண்ணீரிலேயே தங்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பதினொரு மணிக்கு வந்தவர்கள் முற்றத்தைப் படமெடுத்துக்கொண்டார்கள். மிகச் சுத்தம் என்று என் கையைக் குலுக்கினார்கள். ரிஜிஸ்டரில் முந்தின நாள் எண்களையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் வாய்க்கால் காயலில் சேருமிடத்தில் ஔசேப்புச் சேட்டனும் அவர் மனைவி ரோசிலியும் வலைக்கூடு கட்டிக் கரிமீன் வளர்த்தார்கள். வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவர்கள் வீட்டில் ஒரு கட்டஞ்சாயா குடிப்பேன். "மீன் தின்னாத ஆளுக்கு மீன் வீட்டுல என்ன வேலை?" என்று சேட்டன் சிரிப்பார். கூடு போடுவதற்கு முன்னால் என்னிடம்தான் கேட்டார். "சாமி, உங்க தண்ணி வர்ற இடத்துல போடலாமா? தைரியமா சொல்லுங்க." தைரியமாகத்தான் சொன்னேன். நோட்டைக் கூடக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அன்று மாலை போனபோது கரையில் கூட்டம். கூடுகளில் கரிமீன் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ரோசிலி தீனி டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றாள். மீனுக்கு நடுவே தீனி உருண்டைகளும் மிதந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலையிலேயே மீன்துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மிதந்த தீனியைக் கையில் எடுத்து, யார் போட்டது என்று கேட்டார். சேட்டன் விடியற்காலையில் தீனி போட்டுவிட்டு வியாபாரியைப் பார்க்க எர்ணாகுளம் போயிருக்கிறார். அது தெரியாமல் ரோசிலி பத்து மணிக்கு இன்னொரு தடவை போட்டிருக்கிறாள். "அதான். தீனி ஜாஸ்தி. தண்ணியில ஆக்சிஜன் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியேறினார்.

நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். உடம்பு சரியாக உள்ள கரிமீன், போட்ட தீனியைக் கண் மூடித் திறப்பதற்குள் காலி பண்ணிவிடும். தீனி மிதந்தது என்றால், அவள் போடும்போதே மீனுக்கு விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். சேட்டன் எல்லோர் முன்னாலும் ரோசிலியைப் பார்த்து, "கொன்னுட்டியேடி" என்றார். அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அங்கிருந்து கம்பெனிக்குப் போனேன். மேடம் அன்று தொட்டியருகே வந்து என்னிடம் சுகம் கேட்கவில்லை. மோந்து பார்த்துவிட்டு நேரே மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து நோட்டை எடுத்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஒன்றும் வரையாமல் தேதி எழுதினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மக், போன், பம்ப், மீன், தீனி.

"ஆளுகளைத் திரும்பக் கொண்டுவரலாம் சாமி. அது என் வேலை" என்றார். "ஔசேப்பு வீட்டுக்குப் போக வேண்டியது நீங்க. நான் போனா கம்பெனி ஆள் வந்து பேசினதாத்தான் ஆகும். தண்ணி நல்ல தண்ணின்னு அவர்கிட்ட சொன்னது நீங்கதானே?"

"போறேன் மேடம்" என்றேன்.

இன்னொரு நிலையத்திலிருந்து டாங்கரில் சேறு கொண்டுவந்து கொட்டினோம். சாணி கரைத்தோம், வெல்லம் கரைத்தோம், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவை விட்டோம். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் சொட்டில் ஒற்றைக் காம்பு ஒன்று சுருங்கி நீண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேடம் பார்த்துவிட்டு, "இவங்க வந்தாச்சு. நீங்க போனீங்களா?" என்றார். அடுத்த ஞாயிறு போகிறேன் என்றேன். அவர் ஓய்வு பெறுவதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். ஆளுகளுக்கு சுகமா என்று என்னிடம் கேட்பதையும் விட்டுவிட்டார். இன்றைக்கு அவரும் இல்லை.

ஏன் போகவில்லை? போனால் வேலை போகும் என்று பயந்தேன், பெண் படித்துக்கொண்டிருந்தாள். இந்தக் காரணமெல்லாம் முதல் வருஷத்துக்குச் சரி. அப்புறம் என்ன பயம்? இவ்வளவு நாள் சொல்லாமலிருந்ததைச் சொல்ல வேண்டி வருமே என்ற பயம்தான். வெட்கங்கெட்ட பயம்.

சாயா குடிக்கப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சந்தேகப்படுவார்கள் என்று நினைத்தேன். சேட்டன் கூட்டைப் பிரித்து விற்றுவிட்டு மீன் ஏலக்கடையில் கூலிக்குப் போனார். ஒரு நாள் நான் இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்தார். ரோசிலி சோற்றுப் பானையோடு வந்தாள். அவர் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கித் தானே போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, "இவளுக்கு எவ்வளவு போடணும்னு அளவு தெரியாது சாமி" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நானும் சிரித்துவைத்தேன். வேடிக்கை இல்லை. அதற்கப்புறம் எப்போது போனாலும் அப்படித்தான். அவள் பானையை வைத்துவிட்டுக் கதவோரம் நிற்பாள், அவர் தானே போட்டுச் சாப்பிடுவார். கையோங்கியதில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. சர்ச் பெருநாளன்று ஊரே கூடியிருக்கும் பந்தியிலும் அவள் கொண்டுவந்ததை வாங்காமல் கையால் இலையை மறைத்துக்கொண்டார். நான் சாயா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன். ஒன்பது வருஷம் அப்படிப் போனேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேட்டனுக்குப் பக்கவாதம் வந்தது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அப்போதும் சோறு ஊட்ட அவருடைய தங்கை வந்து போனாள், மற்றதெல்லாம் ரோசிலிதான். நான் போகும்போது அவர் கண்ணைத் திறந்து பார்ப்பார். காது நன்றாகக் கேட்டது. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தேன். அவர் போய்விட்டார்.

அவருடைய நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம் கழிந்து ஒரு வாரம் ஆனதும் ரோசிலியிடம் போனேன். கோமதியிடம் அன்று காலையில்தான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்மனாட்டி நிக்கறதைப் பார்த்துண்டே சாயா குடிச்சேளா?" என்று மட்டும் கேட்டாள்.

ரோசிலி பின்கட்டில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னிடம் எப்போதும் பாதி தமிழ், பாதி மலையாளத்தில்தான் பேசுவாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு மீனைக்கூட விடாமல் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"அந்த மக்கை எடுத்தது சாமியா?"

"ஆமாம்."

"அப்ப நான் போட்ட தீனி?"

"உன் தீனிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை ரோசிலி. மீன் அதைத் தொடவே இல்லை. அதனாலதான் மிதந்தது."

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். சட்டியைத் தூக்கி என் மேல் வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், வீசட்டும் என்றுதான் போயிருந்தேன்.

"சாமி, இதை இனி வேற யார்கிட்டயும் பறயண்டா, சொல்ல வேண்டாம்" என்றாள்.

என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "என் பேர் போனாப் போகட்டும். சர்ச்சுல எல்லார் முன்னாடியும் வந்து சொல்றேன். உன் மேல தப்பில்லைன்னு ஊருக்குத் தெரியட்டும்" என்றேன்.

"சாமி பேருக்காகச் சொல்லலை" என்றாள். "ஒம்பது வருஷம் அந்த மனுஷன் என் கையால ஒரு பிடி சோறு வாங்கலை. தெற்று என்னோடது, தப்பு என்னோடதுன்னு நினைச்சுத்தான் நான் கூட இருந்தேன். அவர் செய்றது ஞாயம்னு நினைச்சுத்தான் கடைசி எட்டு மாசம் மலமும் மூத்திரமும் வாரினேன். இப்ப அது என் தெற்று இல்லைன்னா, அந்த மனுஷனை நான் வெறுக்கணும். செத்தவரை வெறுத்துட்டு, இந்த வீட்டுல நான் தனியா எங்ஙனே இருப்பேன் சாமி?"